கூட்டாகத் தேவாரம்: கொல்லிப் பண் வந்தாலே குரல் அமுங்கிப் போவது ஏன்?

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிரதோஷ பூசை முடிந்ததும் மண்டபத்தில் உட்கார்ந்து கூட்டாகப் பாடும் குழுக்களுக்குப் பயன்படட்டும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். ஆணும் பெண்ணுமாக இருபத்தைந்து பேர், 6 கட்டை ஸ்ருதி (ஆதார ஸ்வரத்தின் உயரம்), ஒரு ஜோடி தாளம், ஒரு மிருதங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவாரப் பண்களில் (பழந்தமிழ் ராகங்களில்) நட்டபாடை நிமிர்ந்து நிற்கிறது, கௌசிகம் குழைந்து வருகிறது. அடுத்து கொல்லிப் பண்ணில் ‘கூற்றாயினவாறு’ எடுத்தால் இரண்டாவது அடிக்குள் பாதிப் பேரின் குரல் காணாமல் போகிறது. ஆண்கள் முணுமுணுக்கிறார்கள், பெண்கள் வாயசைக்கிறார்கள். அப்பர் பெருமான் சூலை நோயில் துடித்துக் கதறிய பதிகம் அது. அது கேட்காமல் போவது பொறுக்கக்கூடியதா?

ஸ்ருதியா, மெட்டா, பயிற்சியா, எங்கே கோளாறு? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள். தாளம், மைக் பற்றியும் கேட்க இருக்கிறது. முதலில் இது.

பண்முறை எழுதியது:

ஐயா, பயிற்சியில் குறை இல்லை. ராகத்தின் எல்லை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் எடுப்பதால் வருவது இது.

கொல்லிப் பண்ணை ஓதுவார் மரபில் நவரோஸ் ராகத்தில் பாடுகிறோம். நவரோஸின் சஞ்சாரமே மந்திர பஞ்சமத்தில் (கீழ் ஸ்தாயிப் ‘ப’) தொடங்கி மத்திய பஞ்சமத்தில் (நடு ஸ்தாயிப் ‘ப’) நின்றுவிடும். மேல் ஷட்ஜத்தை (மேல் ‘ஸ’) தொடாது. நட்டபாடைக்கு நாம் பாடும் கம்பீரநாட்டை நேர்மாறு. அது மேல் ஷட்ஜத்தைத் தாண்டிக் காந்தாரம், மத்தியமம் வரை ஏறும். இரண்டையும் ஒரே கட்டையில் வைத்துப் பாடினால் ஒன்று வானத்திலும் ஒன்று கிணற்றிலும் இருக்கும்.

6 கட்டையில் கணக்குப் பாருங்கள். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடுகிறார்கள். அவர்களுடைய ஷட்ஜமே தாழ்வானது. அதற்குக் கீழே மந்திர பஞ்சமம் என்றால் 3 கட்டையின் அடி ஸ்வரம், சாதாரண ஆண் குரலில் அது உறுமல்தான். பெண்களுக்கும் அந்தப் பஞ்சமம் மார்புக்குள் இறங்கிவிடுகிறது. ‘கூற்றாயினவாறு’ மெட்டு அடிக்கடி அந்தக் கீழ்ப் பகுதியில்தான் வந்து உட்காரும். குரல் அமுங்காமல் என்ன செய்யும்?

மருந்து மத்யம ஸ்ருதி. கச்சேரியில் நவரோஸ், குறிஞ்சி, நாதநாமக்கிரியை எல்லாவற்றுக்கும் பாடகர்கள் இதைத்தான் செய்கிறார்கள். பழைய ஸ்ருதியின் மத்தியமத்தைப் புதிய ஷட்ஜமாக எடுத்துக்கொள்ளுங்கள். 6 கட்டையின் மத்தியமம் 2 கட்டை. தம்பூரா ஆப்பில் 6-லிருந்து 2-க்கு மாற்றினால் போதும். இப்போது மந்திர பஞ்சமம் எங்கே விழுகிறது? பழைய ஷட்ஜத்தின் மேலேயே. ஆகவே பாட்டு முழுவதும் உங்கள் பழைய ஷட்ஜத்துக்கும் மேல் ஷட்ஜத்துக்கும் நடுவில், எல்லாருக்கும் குரல் திறக்கும் இடத்தில், வந்து நிற்கும்.

மற்றக் கட்டைகளுக்கு: ஆண்கள் மட்டும் 1 கட்டையில் பாடுகிற குழு 4-க்குப் போகவேண்டும். பெண்கள் மட்டும் 5-ல் பாடினால் 1-க்கு. 5½ என்றால் 1½.

இது கொல்லிக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். கொல்லிக்கௌவாணம், காந்தாரம், பியந்தைக்காந்தாரம், அப்பரின் திருநேரிசை எல்லாமே நவரோஸில் பாடும் வழக்கம் உண்டு. ‘மந்திரமாவது நீறு’ காந்தாரம், ‘வேயுறு தோளிபங்கன்’ பியந்தைக்காந்தாரம். வாரந்தோறும் பாடுகிற பாடல்கள். அவை சுரத்தில்லாமல் கேட்பதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

கெடிலக்கரை எழுதியது:

தெளிவாகப் புரிந்தது ஐயா, நன்றி. ஒரு சந்தேகம். பஞ்சபுராணமாக, அதாவது தேவாரம் முதல் புராணம் வரை ஐந்திலும் ஒவ்வொரு பாட்டாக, பாடும்போது தேவாரம் முடிந்து திருவாசகத்துக்கு மோகனம் எடுக்கவேண்டும். அங்கே 2 கட்டையிலேயே இருந்தால் மேலே எட்டாது. நடுவில் ஸ்ருதியை மாற்ற நின்றால் வழிபாட்டின் ஓட்டம் அறுந்துபோகாதா?

பண்முறை எழுதியது:

அறாது. இரண்டு வழி இருக்கிறது.

இரண்டு ஸ்ருதிப் பெட்டி, அல்லது இரண்டு கைபேசி. ஒன்று 2 கட்டையில், மற்றது 6 கட்டையில். தேவாரத்தின் கடைசி அடியில் ஒருவர் மெதுவாக ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டினால் போதும். இரண்டுக்கும் பொதுவான ஸ்வரம் இருப்பதால் காதில் உறுத்தாது.

அந்தப் பொதுவான ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்வது இரண்டாவது வழி, இதுதான் அழகு. முன்பாடுகிறவர் தேவாரத்தை ஷட்ஜத்தில் முடித்தபின் மந்திர பஞ்சமத்துக்கு இறங்கி அங்கே ஒரு மூச்சு நிற்கட்டும். 2 கட்டையின் அந்தப் பஞ்சமம்தான் 6 கட்டையின் ஷட்ஜம். அதையே அடித்தளமாக வைத்து மோகனத்தின் காந்தாரத்தைத் தொட்டால் கூட்டம் தானாகப் பின்னால் வந்துவிடும். முதல் சீரை முன்பாடுகிறவர் தனியாகச் சொல்லட்டும். கூட்டம் இரண்டாவது அடியில் சேரட்டும். எல்லாரும் முதல் எழுத்திலேயே பாய்ந்தால் நாலு ஸ்ருதி கேட்கும்.

மோகனத்திலிருந்து திருவிசைப்பாவுக்கு ஆனந்தபைரவி போகும்போதும் கவனம் வேண்டும். மோகனத்தில் அந்தர காந்தாரம், ஆனந்தபைரவியில் சாதாரண காந்தாரம். பழைய காந்தாரம் காதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘ஒளிவளர் விளக்கே’ என்ற முதல் சொற்களை அவசரமில்லாமல் விரித்துப் பாடினால் புது ராகம் பதிந்துவிடும்.

மத்தளம் எழுதியது:

ஸ்ருதி மாறினால் மிருதங்கத்தை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். ஒன்றும் செய்யவேண்டாம். 6 கட்டைக்குக் கூட்டிய வலந்தலை (வலப்பக்கத் தோல்) 2 கட்டைப் பாட்டுக்குப் பஞ்சமமாக ஒலிக்கும், சேர்ந்துதான் இருக்கும். ஸ்ருதி கூட்டக் கல்லும் புள்ளும் எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தால் வழிபாடு கெடும்.

ஆனால் வாத்தியம் வாங்கும்போதே கட்டை பார்த்து வாங்குங்கள். 5, 6 கட்டைக்கு 22 அங்குல நீள மிருதங்கம். ஆண்கள் பாடும் 1, 2 கட்டைக்கு 24 அங்குலம். 24 அங்குலத்தை இழுத்து இழுத்து 6 கட்டைக்கு ஏற்றினால் வார் தெறிக்கும், தோல் சீக்கிரம் கிழியும், அதுவரைக்கும் நாதமும் வறட்டு நாதமாக இருக்கும்.

ஒலிவாங்கி எழுதியது:

கேள்வியைத் தொடங்கியவர் மைக் பற்றியும் கேட்டிருந்தார். கல் மண்டபத்தில் தேவாரம் புரியாமல் போவதற்கு முதல் குற்றவாளி ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் எக்கோ குமிழ். ஒலிபெருக்கிக்காரர் பழக்கதோஷத்தில் அதைப் பாதிக்கு மேல் திருப்பி வைத்திருப்பார். கல்யாண மேடைக்கு அது சரி. கருங்கல் மண்டபத்தில் எதிரொலி ஏற்கெனவே நிறைய இருக்கிறது, அதன்மேல் இன்னும் கொட்டினால் ஒரு சீர் அடங்குவதற்குள் அடுத்த சீர் அதன்மேல் ஏறும். சுழிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பேஸ் குமிழையும் நடுவுக்குக் கீழே இறக்குங்கள். க, ச, த, ப போன்ற வல்லின ஓசைகள் மேல் அதிர்வில் இருப்பவை, அவை தெளிந்தால்தான் சொல் காதில் விழும்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண், சற்றே பக்கவாட்டில். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் பொத்துபொத்தென்று வெடிக்கும். ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால் இருக்கவேண்டும். பின்னால் இருந்தால் கூவும். ஒரே பெரிய பெட்டியை அலறவிடுவதைக் காட்டிலும் இரண்டு, மூன்று சிறிய பெட்டிகளை மக்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் குறைந்த சத்தத்தில் வைப்பது நல்லது.

இன்னொன்று. ஸ்ருதிப் பெட்டியை மைக்குப் பக்கத்தில் வைத்து ஊருக்கெல்லாம் கேட்க வைக்கிறார்கள், பாடுகிறவர்களுக்கு மட்டும் கேட்பதில்லை. பெட்டி பாடுகிற கூட்டத்தின் நடுவில், அவர்களைப் பார்த்து இருக்கவேண்டும். பதினொரு பாட்டு முடிவதற்குள் குழு அரைக் கட்டை இறங்கிப்போவது ஸ்ருதி காதில் விழாததால்தான். ஒவ்வொரு பாட்டின் கடைசி நீட்டலிலும் மயிரிழை இறங்கும். பத்துத் தடவை சேர்ந்தால் அரைக் கட்டை.

பண்முறை எழுதியது:

ஒலிவாங்கி ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் இரண்டு நொடி மௌனம். வெறும் ஸ்ருதி மட்டும் கேட்கட்டும். அடுத்த பாட்டை அதிலிருந்து எடுங்கள். இறக்கம் அங்கேயே சரியாகிவிடும்.

சீர்பிரிப்போன் எழுதியது:

எல்லாரும் ஸ்வரத்தைப் பற்றியே பேசுகிறோம். சொல் எங்கே உடைகிறது என்று ஒருவரும் தொடவில்லை.

பழைய பதிப்புகள் பாட்டைச் சீர் பிரித்து அச்சிடுகின்றன. யாப்புக்கு அது சரி. கூட்டத்தின் கையில் அப்படியே கொடுத்தால் என்ன ஆகிறது? முதல் திருமுறையின் முதல் பாட்டையே எடுங்கள். அச்சில் ‘தோடு டையசெவி யன்விடை யேறியோர்’. கண் எங்கே நிற்கிறதோ அங்கேதான் மூச்சும் நிற்கும். ஆகவே ‘யன்விடை’ என்று ஒரு சொல் பிறந்துவிடுகிறது. செவியன் வேறு, விடை வேறு. தோடு அணிந்த செவியை உடையவன், காளைமேல் ஏறியவன் என்று ஞானக்குழந்தை சம்பந்தர் சுட்டிக் காட்டிய அடையாளங்கள் இரண்டும் சிதைந்துபோகின்றன.

குழுவுக்கு அச்சிடும்போது பதம் பிரித்து, மூச்சு எடுக்கும் இடத்தில் சாய்கோடு போட்டுக் கொடுங்கள்:

தோடுடைய செவியன் / விடையேறி / ஓர் தூவெண்மதி சூடி

நாலு அடிக்கும் மூச்சு இடம் ஒன்றுபோல இருக்கவேண்டியதில்லை, பொருள் எங்கே நிற்கிறதோ அங்கே. எழுத்து 16 புள்ளிக்குக் குறையக்கூடாது. விளக்கு வெளிச்சத்தில் பெரியவர்கள் படிக்கவேண்டும்.

இழை தொடங்கிய பாட்டில் இரண்டு இடம். முதல் அடியில் ‘விலக்ககிலீர்’. ‘விலக்கமாட்டீர்’ என்று பொருள். இதை ‘விலக்க / கிலீர்’ என்று உடைத்து, ‘கி’யில் அழுத்தம் கொடுத்துப் பாடுவதைப் பல இடங்களில் கேட்கலாம். ஒரே சொல்லாக ஓட்டவேண்டும். நாலாவது அடியில் ‘அதிகைக் கெடில வீரட்டானத்து’. கெடிலம் ஆற்றின் பெயர். அதிகைக்குப் பின் சற்றே இடம் விட்டு, ‘கெடில’வை வீரட்டானத்தோடு சேர்த்தால் கெடிலக்கரையில் இருக்கும் வீரட்டானம் என்று கேட்பவருக்கு விளங்கும்.

ழ, ல, ள பற்றித் தனியாகச் சொல்லவேண்டுமா? ‘கழல்’ என்பதைக் ‘களல்’ என்று இருபத்தைந்து பேர் சேர்ந்து சொன்னால் அது மண்டபம் முழுக்க நிற்கும். சிறுவர்களுக்குப் பாட்டைத் தொடும் முன்னால் வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள். இசையோடு சேர்ந்து பதிந்த தவறு பிறகு எளிதில் கழலாது.

நல்லூர்வாசி எழுதியது:

வணக்கம். ஈழத்துக் கோயில்களில் நடைமுறை கொஞ்சம் வேறு. இங்கே பூசையில் தீபாராதனை, உபசாரங்கள் முடிய, பஞ்சபுராணம் ஓதுங்கோ என்று சொன்னவுடன் அடியவர்களில் ஒருவர் முன்னுக்கு வந்து ஓதுவார். பெரிய கோயில், சின்னக் கோயில் என்றில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஓதுவினம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் ஐந்திலும் ஒவ்வொரு பாட்டு, பிறகு திருப்புகழ், கடைசியில் ‘வான்முகில் வழாது பெய்க’ வாழ்த்து. கந்தபுராணத்துப் பாட்டு என்பதால் அதற்கு இங்கே தனி மரியாதை. தொடக்கத்திலும் முடிவிலும் திருச்சிற்றம்பலம். தாளம் இல்லை, மிருதங்கம் இல்லை. முழுவதும் ஏழெட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

தனியாள் ஓதுவதில் நடக்கிற பிழை வேறு மாதிரி. முதல் பாட்டை உச்சத்தில் எடுத்துவிட்டு நாலாவதில் தொண்டை கட்டுகிறது. ஸ்ருதிப் பெட்டி இல்லாத கோயிலில் என்ன செய்யலாம்? மணி ஓய்ந்த உடனே அந்த மணியின் நாதத்தையே பிடித்து எடுக்கப் போய்த்தான் அநேகம் பேர் மாட்டுப்படுகினம். மணி உங்கட குரலுக்குச் செய்ததில்லை. மணி முழுக்க ஓயட்டும், ஒரு மூச்சு விடுங்கோ, பேசுகிற குரலின் உயரத்தில் ‘திருச்சிற்றம்பலம்’ சொல்லுங்கோ. அதுவே ஷட்ஜம். அங்கேயிருந்து தேவாரம்.

பண்முறை அண்ணையிடம் ஒரு கேள்வி. திருக்கோணேச்சரத்துப் பதிகம் ‘நிரைகழல் அரவம்’ புறநீர்மைப் பண். திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தர் பதிகம் நட்டராகம், சுந்தரர் பதிகம் நட்டபாடை. மூன்றுமே பகற்பண். மாலைப் பூசையில் இவற்றைப் பாடலாமா, கூடாதா? கூடாது என்று சொல்லுகிறவையும் இருக்கினம்.

பண்முறை எழுதியது:

பாடலாம் என்பது என் துணிபு. காரணம் சொல்கிறேன்.

பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்ற பகுப்பு இருக்கிறது, மதிக்கவேண்டியதுதான். புறநீர்மையைப் பூபாளத்தில் பாடுகிறோம், அது விடியலின் ராகம். எந்தப் பதிகத்தையும் தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலையில் காலையில் புறநீர்மை, இரவில் மேகராகக்குறிஞ்சியோ வியாழக்குறிஞ்சியோ என்று எடுப்பது சிறப்பு. மேகராகக்குறிஞ்சிக்கு உரிய நீலாம்பரியில் ‘புலனைந்தும் பொறிகலங்கி’ அர்த்தசாமத்தில் பாடினால் அதன் நிறைவே தனி. செவ்வழி, செந்துருத்தி, திருத்தாண்டகம் எந்த வேளைக்கும் பொருந்தும். எதை எடுப்பது என்று திகைத்தால் ‘மீளா அடிமை’ இருக்கவே இருக்கிறது, செந்துருத்தி, மத்தியமாவதியில் பாடுங்கள்.

ஆனால் அந்தத் தலத்துக்கு உரிய பதிகம் என்று வந்துவிட்டால் தலம்தான் முதலில். சீகாழியில் மாலையில் நட்டபாடை ஆகாது என்று ‘தோடுடைய செவியன்’ பாடாமல் விட முடியுமா? கோணேசர் சந்நிதியில் கோணேசருக்கு உரிய ஒரே பதிகத்தை வேளை பார்த்து மறைக்கக்கூடாது. தலப்பதிகத்தில் ஒரு பாட்டு முதலில், பிறகு வேளைக்குரிய பண்ணில் வேறொரு பதிகம் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் நியாயம் செய்ததாகும்.

கெடிலக்கரை எழுதியது:

இன்னொரு குழப்பமும் இங்கே தீர்ந்தால் நல்லது. பழந்தக்கராகம் ஒருவரிடம் சுத்தசாவேரி, இன்னொருவரிடம் ஆரபி. எது சரி?

பண்முறை எழுதியது:

இரண்டுக்கும் குரு பரம்பரை உண்டு. சென்னை தமிழிசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் நடத்திவருகிறது. ஓதுவார்களும் வித்வான்களும் உட்கார்ந்து பாடிக்காட்டி, விவாதித்து, பல பண்களுக்கு இணை ராகம் கண்டார்கள். அப்படியும் சிலவற்றில் பாடபேதம் போல ராகபேதம் நிற்கிறது. ஒரு குழுவுக்குள் ஒரே பாடம் இருக்கவேண்டும், அதுதான் முக்கியம். பாதிப் பேர் ஆரபியில் நிஷாதத்தைத் தொட்டு இறங்க, பாதிப் பேர் நிஷாதமே இல்லாத சுத்தசாவேரியில் இறங்கினால் ‘இடர்களையாய்’ என்ற வேண்டுதல் இடறி விழும்.

பண் தெரிந்தால் மட்டும் போதாது, கட்டளையும் (பாட்டின் சந்த அமைப்பு) பாருங்கள். நட்டபாடையில் மட்டும் எட்டுக் கட்டளை. ‘தோடுடைய செவியன்’ மெட்டில் ‘அங்கமும் வேதமும்’ பாட முயன்றால் சீர் பொருந்தாது, நீட்டக்கூடாத குறிலை நீட்டவேண்டி வரும். இரண்டும் ஒரே பண்தான். கட்டளை வேறு, ஆகவே மெட்டும் வேறு.

மத்தளம் எழுதியது:

தாளத்துக்கு வருவோம். தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம், தாளமில்லாமல் பாடுவது சுத்தாங்கம். எல்லாப் பாட்டையும் தாளத்தில் அடைக்கப் பார்ப்பது இப்போது பெருத்துவிட்டது. திருத்தாண்டகத்தையும் திருவிருத்தத்தையும் சுத்தாங்கமாக விட்டுவிடுங்கள். தாண்டகம் நீண்ட அடி, அது மூச்சின் அளவில் நடப்பது. அதற்குத் தட்டு வைத்தால் பஜனைப் பாட்டு ஆகிவிடும்.

பண்ணாங்கத்துக்கு ஏற்றவை நிறைய இருக்கின்றன. ‘மாசில் வீணையும்’ எடுத்துக்கொள்ளுங்கள். மாசில், வீணையும், மாலை, மதியமும் என்று சீருக்கு மூன்று எண்ணிக்கை. ரூபக தாளத்தில் சுகமாக உட்காரும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதில்தான் தொடங்கவேண்டும்.

கூட்டத்தில் தாளம் ஓடுவது ஜால்ராவினால். நாலு பேர் நாலு ஜோடி வைத்து, எல்லாரும் திறந்த தட்டாகத் தட்டினால் ஒரு தட்டின் ரீங்காரம் அடங்கும் முன் அடுத்தது விழும். தட்டு எங்கே விழுந்தது என்றே தெரியாது. ஒவ்வொருவரும் அடுத்தவரை முந்தப் பார்ப்பார்கள். ஐந்தாவது பாட்டில் குழந்தைகள் மூச்சு வாங்குவார்கள். ஒரே ஒரு ஜோடி போதும். சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) மட்டும் திறந்த தட்டு, மற்ற இடங்களில் விளிம்பை ஒட்டி அடக்கிய தட்டு. கைத்தட்டல் வேண்டவே வேண்டாம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராசராசன் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய (தேவாரம் பாட) வைத்த ஏற்பாட்டைக் கல்வெட்டில் பாருங்கள். பாடுகிற பிடாரர் 48 பேர். கொட்டுவதற்கு உடுக்கை ஒருவர், கொட்டிமத்தளம் ஒருவர், இரண்டே பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். நாற்பத்தெட்டுக் குரலுக்கு இரண்டு கொட்டு! இன்றைக்குப் பத்துப் பேர் பாட, தபேலா, டோலக், கீபோர்டு, நாலு ஜால்ரா. மூழ்குவது அப்பர் வாக்கு என்பதை யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

ஒலிவாங்கி எழுதியது:

பிராகார வலத்தில் இன்னொரு சிக்கல் வரும். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். தாளம் போடுகிறவர் வரிசையின் முன்னால் நின்றால் 34 மீட்டர் பின்னால் வருகிறவருக்குத் தட்டு பத்தில் ஒரு நொடி பிந்திக் கேட்கும். அவர் அதற்குப் பாட, அது திரும்பி முன்னால் இருப்பவருக்கு இன்னும் பிந்திக் கேட்க, பாட்டு இரண்டாகப் பிளக்கும். தாளக்காரரும் முன்பாடுகிறவரும் வரிசையின் நடுவில் நடக்கட்டும். நாலு நாலு பேராக நெருங்கி நடந்தால் நீளமும் குறையும். மூலையில் திரும்பும்போது பாதிப் பேருக்கு மதில் மறைத்துவிடும். அந்த இடத்தில் பாட்டு முடிகிற மாதிரி நடையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது நின்று பாடிவிட்டுத் திரும்புங்கள்.

சிவாலயங்களில் பெரும்பாலும் நாகஸ்வரம் சுவாமிக்கு முன்னே, திருமுறை பின்னே. அந்த இடைவெளியைச் சுருக்காதீர்கள். தவிலுக்குப் பத்தடியில் எந்தக் குரலும் எடுபடாது.

நல்லூர்வாசி எழுதியது:

ஹார்மோனியம் வைத்துக்கொள்ளலாமோ? இங்கே பல குழுக்கள் அதோடுதான் பழகியவை.

பண்முறை எழுதியது:

ஸ்ருதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வாசிக்கவேண்டாம். ஹார்மோனியத்தில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்க முடியாது, படிப்படியாகத்தான் போகும். நட்டபாடை தாங்கும், மோகனம் தாங்கும். பஞ்சமப் பண்ணுக்கு ஆகிரி பாடும்போது அந்தக் காந்தாரமும் மத்தியமமும் அசைந்துகொண்டே இருக்கவேண்டும். கட்டையை அழுத்தினால் அது செத்த ஸ்வரமாக நிற்கும். கேட்டுப் பாடுகிற குழந்தைகளும் அப்படியே தட்டையாகப் பாடப் பழகிவிடுவார்கள். வயலின் கிடைத்தால் நல்லது. அதுவும் குரலுக்குப் பின்னால் வரவேண்டும். தருமபுரத்தில் ‘மாதர் மடப்பிடியும்’ பதிகம் யாழில் அடங்கவில்லை என்று பெரியபுராணம் சொல்கிறதே. இன்றைக்கு அடாணாவில் பாடுகிற அந்த யாழ்முரியை எடுத்துப் பாருங்கள், குரலுக்கு உள்ள இடம் எத்தனை என்று தெரியும்.

கெடிலக்கரை எழுதியது:

நேரம் குறைவாக இருக்கும் நாளில் முழுப் பதிகம் பாட முடிவதில்லை. எந்தப் பாட்டுகளை எடுப்பது, எவற்றை விடுவது?

சீர்பிரிப்போன் எழுதியது:

நடுவில் அறுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான். சம்பந்தர் பதிகம் என்றால் முதல் பாட்டும் திருக்கடைக்காப்பும் கட்டாயம். கடைசிப் பாட்டில்தான் பாடியவர் பெயரும் பாடுவோர் பெறும் பயனும் இருக்கின்றன. மூன்று பாட என்றால் எட்டாவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இராவணன் மலைக்கடியில் நெரிந்து, பின் பாடி அருள் பெற்றது அங்கே வரும். அவன் பிழைத்ததே பாட்டினால்தானே. சுந்தரர் பதிகத்திலும் முதலும் கடைசியும். அப்பர் பதிகங்களில் இராவணன் பெரும்பாலும் கடைசிப் பாட்டிலேயே வந்துவிடுவான்.

முழுப் பதிகம் பண்ணாங்கத்தில் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அதை எட்டு நிமிடத்தில் ஓட்டி முடிப்பதைவிட மூன்று பாட்டை நிறுத்திப் பாடுவது எவ்வளவோ மேல்.

மத்தளம் எழுதியது:

ஒரு திருத்தம் மட்டும். மூன்று பாட்டு என்றால் மூன்றையும் ஒரே காலத்தில் வையுங்கள். முதல் பாட்டைச் சவுக்கமாக எடுத்துவிட்டுக் கடைசிக்குத் துரிதம் ஏற்றுவது கச்சேரி வழக்கம். கூட்டத்துக்கு ஒத்துவராது. ஏற்றினால் முதலில் கழன்றுகொள்வது வயதானவர்கள்தான், பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் அவர்கள்தான்.

கெடிலக்கரை எழுதியது:

‘கூற்றாயினவாறு’ 6 கட்டையிலும், மத்யம ஸ்ருதியில் 2 கட்டையிலும் பாடிப் பார்த்தாயிற்று. 2 கட்டையில் மூன்றாம் அடி ‘தோற்றாதென் வயிற்றின் அகம்படியே’ முழுக் குரலில் வருகிறது, பின்வரிசை வரை சொல் தெளிவு. ஒன்றே ஒன்று இடிக்கிறது: ‘குடரோடு துடக்கி முடக்கியிட’ என்ற இடத்தில் பலருக்கு மூச்சு ‘துடக்கி’யிலேயே தீர்ந்துவிடுகிறது.

சீர்பிரிப்போன் எழுதியது:

‘அகம்படியே’ முடிந்ததும் மூச்சு எடுத்துவிடச் சொல்லுங்கள். அங்கே எடுக்காமல் இழுப்பதால்தான் பின்னால் தீர்கிறது. ‘குடரோடு துடக்கி முடக்கியிட’ மூன்று சொல்லும் ஒரே மூச்சில், இடைவெளி இல்லாமல். குடலைப் பிணைத்து முறுக்கி மடக்குகிற வலி அந்த ‘டக்கி, டக்கி’ ஓசையிலேயே இருக்கிறது, நடுவில் நிறுத்தினால் அறுந்துவிடும். அதன்பின் நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு ‘ஆற்றேன்’ எடுக்கலாம். அந்த ‘ஆ’ நெடில், எவ்வளவு நீட்டினாலும் தாங்கும்.